ஐந்து உயிரைக் குடித்த தயக்கக்காரன்

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் இளவரசன் ஹாம்லெட்டின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனுடைய தயக்கம்தான் என்று வகுப்பில் சொல்கிறார்கள், கைடும் அதையே சொல்கிறது. தந்தையைக் கொன்ற சித்தப்பா மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தபோதே ஒரே வெட்டில் முடித்திருந்தால் மற்றவர்கள் பிழைத்திருப்பார்களே? யோசித்து யோசித்தே கெட்டுப்போன நல்லவன் என்று அவனை எடுத்துக்கொள்ளலாமா?
— முதுகலை ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் கைடில் உள்ளதை எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் விழும். நாடகத்துக்காகக் கேட்கிறீர்கள் என்றால் அந்த ‘நல்லவன்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள்.

அவன் தாமதித்தது உண்மை. தன்னைத் தானே கோழை என்று ஏசிக்கொள்வதும் உண்மை. ஆனால் முதல் தாமதத்துக்கு அவன் சொல்லும் காரணத்தைக் கைடு எழுதியவர் படித்ததாகத் தெரியவில்லை. டென்மார்க்கின் எல்சினோர் கோட்டை மதில்மேல் அப்பாவின் உருவில் வரும் ஆவி, பகலெல்லாம் நெருப்பில் கிடந்து தன் பாவங்களைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அதுதான். கேட்டுக்கொண்டு நிற்பவனோ, கத்தோலிக்கச் சபையை எதிர்த்த லூத்தர் பாடம் நடத்திய விட்டன்பர்க்கில் படிக்கிற பிள்ளை. அப்படி ஓர் இடமே கிடையாது என்பது சீர்திருத்தச் சபையாரின் கட்சி. அப்படியானால் வந்தது அப்பாவா, அப்பா வேடம் போட்ட பிசாசா? ஆவி சொன்னதை நம்பி மறுநாள் காலையில், ராஜாவாகிவிட்ட சித்தப்பாவை வெட்டிப் போடுகிறவனை நாம் வீரன் என்றா சொல்வோம்? பேயோட்டுகிறவரிடம் அல்லவா அழைத்துப் போவோம்! அதனால்தான் அரண்மனைக்கு வந்த நாடகக் குழுவை வைத்து, அதே மாதிரிக் கொலையை மேடையில் நடிக்கச் செய்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாட்சி விசாரிப்பதற்குத் தயக்கம் என்று பெயரில்லை.

இனி நீங்கள் சொல்லும் காட்சி. சந்தேகம் தீர்ந்துவிட்டது. சித்தப்பா கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். இவன் வாளை உருவியாயிற்று. அந்த இடத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்துவது இரக்கம் என்றா நினைத்தீர்கள்? ஜெபம் செய்கிறவனைக் கொன்றால் அவன் மோட்சத்துக்குப் போய்விடுவானே என்ற கவலை! என் அப்பாவைப் பாவங்களோடு அனுப்பியவனை நான் சொர்க்கத்துக்கு அனுப்புவதா, அது கூலி கொடுத்த மாதிரியல்லவா ஆகும் என்கிறான். குடித்துவிட்டுக் கிடக்கும்போதோ, சூதாடும்போதோ, அவன் கட்டிக்கொண்ட என் அம்மாவின் படுக்கையிலோ அகப்படட்டும். ஆத்மாவும் நரகத்துக்குப் போகவேண்டும். வாள் உறைக்குள் போகிறது. ஷேக்ஸ்பியரை 1765இல் பதிப்பித்த சாமுவேல் ஜான்சன், இந்தப் பேச்சு படிக்கவோ வாயால் சொல்லவோ கூடாத அளவுக்குப் பயங்கரமானது என்று குறிப்பு எழுதினார். பின்னால் வந்த ஹாஸ்லிட் போன்ற விமர்சகர்களுக்கு மனம் கேட்கவில்லை. ‘பாவம், கொல்லத் துணிவில்லாமல் சொல்லும் சாக்கு இது’ என்று பூசி மெழுகினார்கள். உங்கள் கைடு அந்தப் பூச்சின் பேரப்பிள்ளை. (எல்லாவற்றுக்கும் தாய்மேல் உள்ள ஆசையே காரணம் என்று ஃப்ராய்டின் வழியில் போகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்களுக்கு எந்த வீட்டிலும் அந்த ஓர் அறைக்குத்தான் வழி தெரியும்.)

சாக்கு என்றால், அடுத்து அவன் செய்வதைப் பாருங்கள். சில நிமிடங்களில் அம்மாவின் அறை. திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். யார் என்றுகூடப் பார்க்காமல் வாளைச் செருகுகிறான். விழுந்தவர் அவன் காதலித்த ஒபீலியாவின் அப்பா, கிழவர் பொலோனியஸ். ‘உன்னைவிடப் பெரிய ஆள் என்று நினைத்தேன்’ என்று பிணத்திடம் சொல்லிவிட்டு, அதைப் போட்டது போட்டபடி அம்மாவுக்கு நூற்றைம்பது வரிகளுக்கு மேல் ஒழுக்கம் போதிக்கிறான். பிறகு குடலை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று பக்கத்து அறைக்கு இழுத்துப் போகிறான். பிணம் எங்கே என்று ராஜா கேட்டால், இந்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் மாடிப்படி ஏறும்போது மூக்கே காட்டிக்கொடுக்கும் என்று வேடிக்கை. நடுவில் ஒரே ஒருமுறை வருந்துகிறேன் என்கிறான். அதே மூச்சில், தெய்வச் சித்தம் அப்படி என்று கணக்கை மேலே எழுதிவிடுகிறான்.

அடுத்தது கடிதம். என்னைக் கேட்டால், இந்த நாடகத்தைத் திறக்கிற சாவி இதுதான். இவனைக் கொல்லச் சொல்லி இங்கிலாந்துக்கு ராஜா அனுப்பிய ஓலையை, கப்பலில் உடன் வரும் பள்ளித் தோழர்கள் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் வைத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும் என்று நாடகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஹாம்லெட் அதைத் திருடி, வேறொன்று எழுதி, அப்பாவின் முத்திரை மோதிரத்தால் அரக்கு வைக்கிறான். கொண்டுவருகிறவர்களை உடனே கொல்லவேண்டும். அவர்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட அவகாசம் தரக்கூடாது. கடைசி நிபந்தனையைக் கவனித்தீர்களா? அப்பாவின் ஆவி அழுததே அதற்காகத்தான்: நற்கருணை இல்லாமல், பாவசங்கீர்த்தனம் இல்லாமல், சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் என்னை அனுப்பிவிட்டானே என்று. சித்தப்பா அப்பாவுக்குச் செய்ததை, அப்பாவின் மோதிரத்தைக் கொண்டே மகன் தன் தோழர்களுக்குச் செய்கிறான். அவர்கள் என் மனச்சாட்சியை உறுத்தவில்லை என்று நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லவும் செய்கிறான். கடைசிக் காட்சியில் சாகும் பொலோனியஸின் மகன் லேயர்டிஸையும் ராஜாவையும் சேர்த்தால் இவன் கையால் போனவர்கள் ஐந்து பேர். பைத்தியம் பிடித்து ஆற்றில் மூழ்கிய ஒபீலியாவை நான் சேர்க்கவில்லை. நீங்கள் சேர்த்தால் மறுக்கமாட்டேன்.

ஒரே வெட்டில் முடிக்கிற ஆள் வேண்டும் என்கிறீர்களே, ஷேக்ஸ்பியர் அவனையும் வைத்திருக்கிறார். அந்த லேயர்டிஸ்தான். அப்பாவைக் கொன்றவனை என்ன செய்வாய் என்று ராஜா கேட்டதும், தேவாலயத்துக்குள்ளேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான். யோசனையே கிடையாது. அதனாலேயே ராஜா அவனைச் சுலபமாக மடக்கி, விஷம் தடவிய வாளோடு போட்டிக்கு அனுப்ப முடிகிறது.

லேயர்டிஸுக்கு நேர்ந்தது தனக்கு நேர்ந்ததேதான் என்று ஹாம்லெட்டுக்குத் தெரியாமலில்லை. என் வழக்கில் அவன் வழக்கின் சாயலைப் பார்க்கிறேன் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். அந்தக் கண்ணாடியில் லேயர்டிஸ் ஹாம்லெட் என்றால், இவன் யார்? கிளாடியஸ் அல்லவா? அந்த ஓர் அடியை மட்டும் அவன் எடுத்துவைப்பதேயில்லை. வாள் போட்டிக்கு முன் லேயர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான்: உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, அவனுடைய பைத்தியம், அந்தப் பைத்தியம் ஹாம்லெட்டுக்கும் எதிரிதான் என்று. பொலோனியஸின் பிணம் கிடந்த அதே அறையில், எனக்குப் பைத்தியமில்லை, நடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னவன் இவன். தான் கொன்ற தகப்பனைப் பற்றி அவருடைய மகனிடம் பேசும் வேளையிலும் உண்மை சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவிடம் சொன்ன இடத்தையும் லேயர்டிஸிடம் சொன்ன இடத்தையும் கைடு எந்தப் பக்கத்தில் சேர்த்துப் பேசுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.