குளிர் பற்றிச் சில கேள்விகள்

நிலநடுக்கோடு சூரியனுக்கு அருகில் இருப்பதால்தானே அங்கே வெப்பம் அதிகம்?

இல்லை. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் ஆரமோ ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர்தான். அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது வடகோளத்தில் கடுங்குளிர்! எல்லாம் கோணம் செய்கிற வேலை. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் நின்றால், உச்சியில் நிற்கும்போது ஒரு சதுர மீட்டரில் விழுகிற ஒளி இரண்டு சதுர மீட்டருக்குப் பரவிவிடும்.

அப்படியானால் ஜூனில் 24 மணி நேரமும் வெயில் காயும் வடதுருவம் ஏன் சூடாவதில்லை?

நல்ல கேள்வி. ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் வளிமண்டலத்தின் மேல்விளிம்புக்கு வந்து சேரும் ஒளியைக் கணக்கிட்டால், ஒரு முழு நாளில் நிலநடுக்கோட்டைவிட வடதுருவத்துக்கே அதிகம் கிடைக்கிறது. பலரும் நம்ப மறுக்கும் உண்மை இது. ஆனால் வரவு இருந்து என்ன பயன்? புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிஞ்சுவதில் பெரும்பகுதி பனியை உருக்கவே செலவாகிறது. உருகி முடியும்வரை வெப்பநிலை 0 டிகிரியை விட்டு அதிகம் நகராது. அதற்குள் சூரியன் இறங்கத் தொடங்கி, அரையாண்டு இரவு வந்துவிடும்.

மலை உச்சி ஏன் குளிர்கிறது?

காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது தரைதான். அந்தச் சூடான காற்று மேலே போகப்போக அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி இறக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்தும் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவின் தலையில் பனி இருப்பது இதனால்தான்.

இரு துருவங்களில் எது அதிகம் குளிரும்?

தென்துருவம், சந்தேகமே வேண்டாம். வடதுருவத்தில் மிதக்கும் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிறது. அது உறைந்தாலும் கொஞ்சம் வெப்பத்தைக் கசியவிடும். தென்துருவமோ கண்டத்தின் மேல், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே அண்டார்டிகாவின் வோஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவானது மைனஸ் 89.2 டிகிரி.

வடக்கே போகப்போகக் குளிர் கூடிக்கொண்டே போகுமா?

எப்போதும் அப்படியில்லை. ரஷ்யாவிலேயே பாருங்கள். சைபீரியாவின் ஒய்மியாகோனைவிட மூர்மான்ஸ்க் இன்னும் வடக்கே, ஏறக்குறைய 69 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தால் அதன் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஒய்மியாகோனுக்கு அந்த வெப்பம் எட்டாது. போதாததற்கு ஊர் பள்ளத்தாக்கில் இருப்பதால், கனத்த குளிர்காற்று மலைச்சரிவுகளில் இறங்கி அங்கேயே தேங்கிவிடுகிறது. ஜனவரியில் மூர்மான்ஸ்கின் சராசரி மைனஸ் 10-ஐ ஒட்டியே நிற்க, ஒய்மியாகோனில் அது மைனஸ் 45-க்கும் கீழே போய்விடும்.