பத்மநாபபுரமும் குமரிக் கடலும்: ஒரு நாள் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ தங்கி, தனிக் கார் பேசி, வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, பத்மநாபபுரம் அரண்மனையையும் குமரிக் கடற்கரையையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து காலையில் கிளம்பி, பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சுசீந்திரம் கோயில், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை ஆகிய அனைத்தையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம் என்று ஒரு முகவர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இது நடக்குமா? (கோவை வாசகர்)

பதில்: கார் போய்வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறுவதற்குத்தான் நேரம் இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான் என்றாலும், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று ஊருக்கு ஊர் ஒட்டிக் கிடக்கும் சாலை அது. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வதே நல்லது. அங்கிருந்து கன்னியாகுமரி இன்னும் 35 கிலோமீட்டர். மாலையில் திரும்பி வரும் 90 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பயணத்தின் நேரத்தை முடிவுசெய்வது அரண்மனைதான். காலை 9 மணிக்குத் திறந்து, நண்பகலில் உணவு இடைவேளைக்காக மூடி, மீண்டும் 2 மணிக்குத் திறந்து, நாலரை மணியளவில் நுழைவை முடித்துவிடுவார்கள். ஆகவே ஆறரை மணிக்குக் கிளம்பி, கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான யோசனை. சுற்றுலாப் பேருந்துகள் பத்து, பத்தரைக்கு மேல்தான் வந்து சேரும். முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் கூடங்களில் கிடைக்கும் அமைதி பிறகு நாள் முழுவதும் கிடைக்காது. அரண்மனைக்கு இரண்டரை மணி நேரம் கொடுங்கள். அடுத்து, தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலில் மதியச் சாப்பாடு. மூன்று மணிக்குக் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டை. மாலையில் குமரி முனை. இது போதும்.

விவேகானந்தர் பாறைக்கான படகு மாலை 4 மணியளவில் நின்றுவிடும். கூட்ட நாள்களில் படகு வரிசையே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். பாறையும், 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலமும் தனியாக ஒரு காலைப்பொழுதைக் கேட்பவை. கரையில் நின்று பார்த்துவிட்டு, அவற்றை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவியையும் தொட்டிப்பாலத்தையும் தயங்காமல் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

கேள்வி: எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டுமே கிடைக்கிறது. (சென்னை வாசகி)

பதில்: திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை அரண்மனையும் அன்று மூடியிருக்கும். நாளை மாற்றவே முடியாதென்றால் அரண்மனையை மறந்துவிட்டு, உதயகிரி, குளச்சல், முட்டம், வட்டக்கோட்டை என்று கடலோரமாகவே அந்த நாளை அமைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வாசலைப் பார்க்க 55 கிலோமீட்டர் வந்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் பார்க்கிறேன். கார் பேசும்போதே யாரேனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மனம் வருந்துகிறது.

கேள்வி: அரண்மனையில் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, அங்கங்கே பணியாளர்களும் விளக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு எதற்காகத் தனி வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: அரண்மனையை மட்டும் பார்ப்பதானால் தேவையில்லை. பலகைகளும் பணியாளர்களும் போதும். ஆனால் அரண்மனையையும் கடலையும் ஒரே நாளில் பார்க்கிறீர்கள் அல்லவா? இரண்டையும் பிணைக்கும் கதையைச் சொல்ல ஒருவர் வேண்டும். அது தெரியாவிட்டால் காலையில் பார்த்த மரவேலைப்பாடும் மாலையில் பார்த்த அலைகளும் தொடர்பற்ற இரண்டு காட்சிகளாக நின்றுவிடும்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்குளம் என்று அழைக்கப்பட்ட இந்த இடத்தில், பின்னர் திருவிதாங்கூர் ஆன வேணாட்டின் அரசர்களுடைய அரண்மனை 1601ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதைப் பெரிதாக்கி இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா. அவர் காலத்தில் மிளகு வாணிகத்துக்காக மோதிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சல் கரையில் இறங்கியது. தலைநகர் அங்கிருந்து சில மணி நேர நடைதூரம்தான். 1741இல் நடந்த குளச்சல் போரில் அந்தப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய் என்ற அதிகாரி, பின்னர் அதே மன்னரிடம் பணிக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கி, ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, என்று பெயர் பெற்றார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியதிலும், கடல் அலை வந்து மோதும் வட்டக்கோட்டையைக் கட்டியதிலும் அவர் கை இருக்கிறது. போரில் வென்ற மன்னர் 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆன கதையும் அந்தப் பக்தியோடு சேர்ந்ததுதான். ஆக, நீங்கள் போகும் ஒவ்வோர் இடமும் இந்த ஒரே கதையின் ஒவ்வோர் அத்தியாயம்.

வழிகாட்டி நல்லவரா என்று அறிய நான் ஒரு சிறிய சோதனை வைத்திருக்கிறேன். உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவே, 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை தரையோடு தரையாகக் கிடக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே குனிந்து அந்தத் தமிழ் எழுத்துகளை உங்களுக்குக் காட்டுகிறாரா, அல்லது “இதுதான் கோட்டை, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மரநிழலில் நின்றுவிடுகிறாரா என்று பாருங்கள். அரண்மனை அலுவலராக இருந்து, டிலனாயின் தொடர்பால் கிறித்தவரான நீலகண்ட பிள்ளையை, அதாவது 2022இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தை, இந்த இடத்தில் நினைவுகூராமல் போகிறவரும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவரா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கார் ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார் என்று சிலர் சொல்வார்கள். நல்ல விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு அவரால் உங்களோடு அரண்மனைக்குள் இரண்டரை மணி நேரம் நடக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: அரண்மனைக்குள் தவறவிடக் கூடாதவை எவை? (சேலம் வாசகி)

பதில்: நுழைந்ததும் பூமுகத்தில் நின்று தலையை நிமிர்த்துங்கள். மேற்கூரையின் மரத்தில் 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட நிலையிலேயே நிற்கும். அதன் சங்கிலிக் கண்ணிகளின் வேலைப்பாடு அப்படி.

படியேறினால் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய கூடம் இது. இங்கே அவசரப்படாதீர்கள். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைக்காத் தகடுகள் பொருத்தப்பட்டிருப்பதால், வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே சாயங்கால வெளிச்சம்தான். தரை கருங்கண்ணாடி போல் மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் குழைத்து இழைத்த தரை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். செருப்பை வெளியே விட்டு வந்திருப்பதால் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். சற்றே குனிந்து தரையைப் பார்த்தால் சன்னலின் மரச்சட்டங்கள் அதில் தலைகீழாகத் தெரியும். நான் எத்தனை முறை போனாலும் அந்த மூலையில் ஐந்து நிமிடம் நிற்காமல் நகர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு, ஓராயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உண்ணக்கூடிய ஊட்டுப்புரை, அரண்மனையிலேயே பழைமையான தாய்க் கொட்டாரத்தில் பலாமரத்தில் செதுக்கிய தூண், மருந்து மரங்கள் பலவற்றைச் சேர்த்துச் செய்த கட்டில் ஆகியவற்றைப் பார்க்கலாம். கடைசியில் கருங்கல் தூண்கள் நிற்கும் நவராத்திரி மண்டபம் வரும். இங்குள்ள சரசுவதி திருவுருவம்தான் ஆண்டுதோறும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறது. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்வார்கள். நீங்கள் காலையில் காரில் வந்த சாலை வழியேதான் அந்த ஊர்வலம் போகிறது.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. அழைத்துவரலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அழைத்து வாருங்கள், ஆனால் முழுச் சுற்றையும் நடக்கவைக்காதீர்கள். மாடிப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. நிலைவாசல்கள் தாழ்ந்தவை, உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்வதைத் தினமும் பார்க்கலாம். உள்ளே நடக்கும் பாதை பெரும்பாலும் ஒருவழிதான் என்பதால், பாதியில் திரும்ப நினைத்தால் எதிரே வரும் கூட்டத்தில் சிரமப்பட நேரும். பூமுகத்தை நிதானமாகப் பார்த்தபின் அம்மாவை வெளிமுற்றத்தில் நிழலில் உட்காரவைத்து, வீட்டார் ஒருவர் மாற்றி ஒருவர் துணைக்கு இருப்பது நல்ல ஏற்பாடு. மேல்தளத்துக்கு ஏறலாமா என்பதை வாசலில் உள்ள பணியாளரிடம் முதலிலேயே கேட்டு முடிவுசெய்யுங்கள். வட்டக்கோட்டையில் மேலேறச் சரிவுப்பாதை இருப்பதால் கைப்பிடித்து மெல்ல நடந்தால் கடலை அவரும் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் காற்றாலைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும் அந்த மதிலின் மேல் காற்று பலமாக வீசும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கார் பேசும்போது எவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்? (பெங்களூர் வாசகர்)

பதில்: நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு செய்தியாக வந்தாலும் போதும். அரண்மனை நுழைவுச் சீட்டும் கேமராவுக்கான தனிச் சீட்டும் பெரும்பாலும் உங்கள் செலவாகவே இருக்கும்.

பலர் கேட்க மறப்பது பெர்மிட். திருவனந்தபுரத்தில் எடுக்கும் வாடகைக் கார் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. அதற்குரிய பெர்மிட் கட்டணம் முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற குடும்பத்தின் கார் அந்தச் சீட்டு இல்லாமல் எல்லையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நாங்கள் அரண்மனையை அடைந்தபோது மதிய இடைவேளைக்குக் கதவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் படியில் உட்கார்ந்து இரண்டு மணிவரை காத்திருந்தார்கள், கடலுக்குப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிட்டது. அன்றுமுதல் முந்தின நாள் மாலையிலேயே அந்தச் சீட்டைக் கண்ணால் பார்த்துவிடுவேன்.

கேள்வி: அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசின் வசம் இருப்பது ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தன. திருவிதாங்கூர் அரசமரபின் தலைமையிடமாக இருந்த இந்த அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. பயணிக்கு இதனால் உள்ள விளைவு ஒன்றே: விடுமுறை நாள்களை அந்தத் துறையின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கீழும், உதயகிரி வனத்துறையின் கீழும் இருப்பதால் ஒன்றுக்கு விசாரித்தது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: மே மாதத்தில் வருகிறோம். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் கடலில் குளிக்கவும் ஆசைப்படுகிறார்கள். (ஈரோடு வாசகி)

பதில்: முதலில் குளியல். வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் ‘கள்ளக்கடல்’ என்று மீனவர்கள் சொல்லும் கொந்தளிப்பு வரும். தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உண்டாகும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று கரையேறும். பெயருக்கேற்பக் கள்ளத்தனமாகத்தான் வரும். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நீந்தத் தெரிவது இங்கே பாதுகாப்பாகாது. ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையம் வெளியிடும் எச்சரிக்கை அன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கரையோர மீனவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் போகாதே என்றால் கால் நனைப்பதற்குக்கூட இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கரையின் கருமணலைக் காட்டுங்கள். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல் அது, மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலையே இருக்கிறது.

சூரிய மறைவுக்கு மே மாதத்தில் குமரி முனை பொருந்தாது. அங்கிருந்து கரை மேற்கே சற்று வடக்காகச் சாய்ந்து ஓடுகிறது. கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்திருப்பதால், ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு கடைசிவரை நிலத்துக்குப் பின்னால்தான் மறையும். ஆகவே உங்களுக்கு நான் முன்னே சொன்ன வரிசையை மாற்றித் தருகிறேன். அரண்மனையும் உதயகிரியும் முடிந்தபின் கன்னியாகுமரியை விட்டுவிட்டு, குளச்சலில் வெற்றித் தூணைப் பார்த்துக்கொண்டு முட்டத்துக்கு வாருங்கள். அங்கே கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால் மே மாதச் சூரியனும் கடலிலேயே இறங்கும். கலங்கரை விளக்கத்தின் அருகே செம்மண் மேட்டில் நின்றால் கீழே பெரும்பாறைகள், அவற்றுக்கு அப்பால் கட்டுமரங்களும் வள்ளங்களும் தெரியும். பாறைகள்மேல் இறங்காமல் மேட்டிலேயே இருங்கள். திருவனந்தபுரத்துக்குத் திரும்பும் தொலைவும் கன்னியாகுமரியிலிருந்து திரும்புவதைவிடக் குறைவு. ஆறு மணிக்கு முன்பே இடம் பிடித்துவிட்டால், வழியில் வாங்கிய மட்டிப்பழச் சீப்பைப் பிரித்து உட்காரவும் நேரம் இருக்கும்.