பார்க் கைமாறினால் வருஷ பாஸ் என்ன ஆகும்?

கேள்வி: போன ஜனவரியில் குடும்பத்தில் நாலு பேருக்கும் ஒரு தீம் பார்க்கில் வருஷ பாஸ் எடுத்தோம். இரண்டு தடவைதான் போயிருப்போம். பள்ளி லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், "நிர்வாகம் மாறிவிட்டது, பழைய பாஸ் செல்லாது" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தை யாரிடம் கேட்பது?
(வாசகி, ஈரோடு)

பதில்: பிள்ளைகளோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. ஆனால் கேட்டில் சொன்னதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நிர்வாகம் மாறியது" என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கம்பெனியின் பங்குகளை யாராவது வாங்கியிருந்தால் முதலாளி மட்டும்தான் மாறியிருக்கிறார். உங்களுக்கு பாஸ் விற்றது இன்றும் அதே கம்பெனி, கொடுத்த வாக்கை அது காப்பாற்றியே ஆக வேண்டும். நிலத்தையும் ரைடுகளையும் மட்டும் வேறொரு கம்பெனி வாங்கியிருந்தால், பணத்துக்குப் பொறுப்பு பழைய கம்பெனி. பழைய பாஸ்களை ஏற்பதாகப் புதியவர் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அவரையும் கேட்கலாம்.

எது நடந்தது என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாஸ் வாங்கிய பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். அதில் மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது வரை இருப்பது கம்பெனியின் பான் எண். இந்த மாதம் அங்கே போய் வந்த யாரிடமாவது புது டிக்கெட் பில்லை வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டிலும் பான் ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறவில்லை. கடைசியில் சொல்லும் திவால் விஷயம் இல்லையென்றால், அதற்குப் பிறகு "பழைய பாஸ் செல்லாது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மும்பை, புனே பக்கம் இருக்கும் இமேஜிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். மன்மோகன் ஷெட்டியின் ஆட்லேப்ஸ் நிறுவனம் 2013-இல் கோபோலியில் திறந்த பார்க் அது. கடனைக் கட்ட முடியாமல் திணறி, 2022-இல் மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. குழுமம் வாங்கியது அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை. முதலாளி மாறினார், கம்பெனி மாறவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: பில், பாஸ், பணம் கட்டிய விவரம் மூன்றின் நகலையும் வைத்து, பாஸை ஏற்க வேண்டும் அல்லது மீதி மாதங்களுக்கான பணத்தைத் தர வேண்டும் என்று பழைய முகவரி, புதிய முகவரி இரண்டுக்கும் விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பதில் இல்லையென்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பார்க் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை தொடங்கி 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். பழைய கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் அதன் மீதான வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். அப்போது அந்த நடவடிக்கையைக் கவனிக்க நியமிக்கப்பட்ட தீர்வு அதிகாரியிடம், பத்திரிகை அறிவிப்பில் சொன்ன தேதிக்குள், உங்கள் தொகையைக் கோரிக்கையாகக் கொடுத்தாக வேண்டும். கம்பெனியின் கடன்களை எப்படித் தீர்ப்பது என்ற தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டால், அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அத்தோடு போய்விடும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கேள்வி: லீவு நாளில் தீம் பார்க்கில் கால் வைக்க இடமில்லை. இவ்வளவு கூட்டம் வரும் தொழிலின் பங்கை வாங்கினால் நஷ்டம் வருமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: வரலாம். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்வது என் வேலை அல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் பார்த்தது லீவு நாள் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலையிலும் ரைடை ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் உண்டு, குளத்து நீரைச் சுத்திகரிக்க வேண்டும், வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும். ஆள் குறைந்தாலும் செலவு குறையாத தொழில் இது. அதனால் கூட்டத்தைவிட முதலில் கடனைப் பார்ப்பேன்.

இரண்டு பங்கு வெளியீடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கொச்சியில் 2000-இல் வீகாலேண்டாகத் தொடங்கிய வொண்டர்லா 2014-இல் பங்கு வெளியிட்டது. முக்கிய நோக்கம், ஹைதராபாத்தில் புதிய பார்க் கட்டுவது; 2016-இல் அது திறந்தது. இமேஜிகா கம்பெனி 2015-இல் ஒரு பங்கு 180 ரூபாய்க்கு வெளியிட்டது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே வாங்கிய கடனை அடைக்க. மக்கள் கொடுத்த பணத்தில் புதிதாக ஒரு ரைடு முளைக்கவில்லை, பழைய சுமை கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். 2020-இல் அந்தப் பங்கின் விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. வெளியீட்டு ஆவணத்தில் "பணத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம்" என்று ஒரு பகுதி இருக்கும். மற்ற எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளிச் சுற்றுலாவுக்கு 120 மாணவர்களுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை என்கிறார்கள். கட்டலாமா?
(ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: முழுத் தொகை வேண்டாம். கொஞ்சம் முன்பணம் மட்டும் கட்டி, மீதியை உள்ளே போகும் நாளில் தருவதாகப் பேசுங்கள். பார்க் அன்றைக்குத் திறக்காவிட்டாலோ கைமாறினாலோ முன்பணம் இத்தனை நாளில் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல், பில்லில் உள்ள கம்பெனியின் பெயரிலேயே அனுப்புங்கள்.