ஆயில் கசிகிறதா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆயில் சொட்டும் கதைதான். பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும் என்று விட்டுவிடாமல் கேட்டிருக்கிறீர்களே, அதற்கே பாராட்டு.

கேள்வி (கோவை): 1964 அம்பாசடர். கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறது. ரியர் மெயின் சீல் (என்ஜினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். போவதற்கு அங்கே ரப்பர் சீல் இருந்தால்தானே! உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) 1489 சிசி பி-சீரீஸ் என்ஜின். அதில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்கம் திருகுமரை போல ஒரு வரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளுக்கே திருப்பித் தள்ளும். உள்ளே காற்றழுத்தம் ஏறாதவரைதான் இந்த ஏற்பாடு செல்லும். ஏறிவிட்டால் மரைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்தில் ஆயில் பிதுங்கும்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? எவ்வளவு நல்ல பிஸ்டன் ரிங் போட்டாலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற உங்கள் என்ஜினில் முன்பக்க டேப்பெட் கவரிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்குகிறது. இதுதான் பிரீதர். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று குழாய் முனையில் உறிஞ்சும். புதுக் காற்று மேலே ராக்கர் கவர் பக்கமாக உள்ளே வரும். டேப்பெட் கவரைக் கழற்றி, குழாயையும் உள்ளே கம்பி வலை இருந்தால் அதையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். பெரும்பாலும் தார் போலக் கெட்டியான அழுக்கு வரும். அதற்குப் பிறகும் சொட்டினால், என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே பிடியுங்கள். புஸ் புஸ்ஸென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்துவிட்டு அப்போது இறக்கலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட ஏ-40 சோமர்செற்றிலை ஒயில் மூடிக்குக் கீழை வெள்ளைக் களி மாதிரிப் பிடிச்சிருக்கு. ஹெட் காஸ்கற் போயிட்டுதோ?

பதில்: ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை என்றால் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டி இறங்குவது ஆயிலோடு கலந்து வெண்ணெய் போல ஆகிறது. காரைச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்தால் ஆயில் சூடேறவே நேரமில்லை. வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், களி கரையும்.

உங்கள் ஊர்க் கார் என்பதால் ஒரு வார்த்தை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆயிலில் கலந்த பெட்ரோல், சூடேறினால் ஆவியாகிப் பிரீதர் வழியே போய்விடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 டிகிரி அளவு வேண்டும். என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் அந்தச் சூடு வராது. அதனால் அது அங்கேயே தங்கி ஆயிலைத் தண்ணியாக்கும், பேரிங்கைத் தின்னும். என்ஜினைப் பிரிக்க நேர்ந்தால் பேரிங்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (லண்டன்): 1965 எம்.ஜி.பி. ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) இடறுகிறது, புகை நீலமாக வருகிறது. இன்லெட் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் போகும் குழாயில்) காளான் போல ஒரு டப்பா இருக்கிறதே, அது என்ன?

பதில்: குற்றவாளி அதுவாகவே இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்துக்கு வாகனப் புகை பெரிய காரணம் என்று 1950களில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டிய பிறகு, தரையில் விட்ட பிரீதர் புகையைத் திரும்ப என்ஜினுக்கே கொடுத்து எரிக்கும் முறை கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் வந்தது. முறை புதிதல்ல. போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே இப்படி ஒரு வால்வு உண்டு. ஆற்றில் இறங்கும்போது குழாய் வழியே தண்ணீர் ஏறக் கூடாதே!

உங்கள் டப்பாவும் அப்படி ஒரு வால்வுதான். அதற்குள் ஒரு ரப்பர் டயாபிரம், அதாவது மெல்லிய ஜவ்வு, இருக்கிறது. உள்ளே உறிஞ்சல் அதிகமானால் அது வழியை அடைத்துக்கொள்ளும். கிழிந்தால் கட்டுப்பாடே இல்லை: காற்று நுழைந்து பெட்ரோல்-காற்று மிக்சர் மெலியும், கூடவே ஆயிலும் போகும். ஸ்லோவில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் வேகம் சுமார் 200 ஆர்.பி.எம். ஏறும். மூடியிலும் ஃபில்டர் உண்டு. 12,000 மைலுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது கம்பெனி மேனுவல்.

கேள்வி (சேலம்): என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பிரீதர் குழாயை ஹோஸ் போட்டு நேரே மேனிஃபோல்டில் சேர்க்கலாமா?

பதில்: வால்வு இல்லாமல் வேண்டாம். லண்டன்காரரின் நிலைமைதான் உங்களுக்கும்.

கேள்வி (காரைக்குடி): போர்ட்டிகோ தரை கறையாகிறது என்று வீட்டில் சண்டை. பிரீதர் குழாய் முனையை கார்க் வைத்து அடைத்துவிட்டேன். தப்பா?

பதில்: இன்றைக்கே பிடுங்குங்கள். குழாய்க்கு அடியில் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை வையுங்கள். சமையலறையில் கேட்டுவிட்டு எடுங்கள்.