22 மணங்கு

கேள்வி: பார்சிலோனாவில் பழைய மில் பகுதியை '22@' என்ற பெயரில் தொழில்முனைவோர் மையமாக்கிவிட்டார்களாமே. தென்னிந்திய மான்செஸ்டரான நம் கோவையில் பூட்டிக்கிடக்கும் மில்களையும் அப்படி மாற்றினால் என்ன?
- ஒரு வாசகர், பீளமேடு

பதில்: மாற்றலாம். அதற்கு முன்னால் அந்த 'மான்செஸ்டர்'. இந்தப் பக்கத்துக்கு அந்தச் சொல்லோடு கடிதம் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. அகமதாபாத் ஒரு மான்செஸ்டர், கான்பூர் ஒரு மான்செஸ்டர், போலந்தில் ஊட்ஜ் ஒரு மான்செஸ்டர். நீங்கள் சொல்லும் அந்த பார்சிலோனாப் பகுதி, போப்லெநோவ், அதற்கும் 'கத்தலான் மான்செஸ்டர்' என்றுதான் பெயர். அசல் மான்செஸ்டரில் ஆன்கோட்ஸ் பக்கத்துப் பஞ்சாலைகள் பலவும் அடுக்குமாடி வீடாகி, சன்னலில் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் நாம்தான் அந்தப் பட்டத்தைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, @ விஷயத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்தது அதுதான். பார்சிலோனா நகரத் திட்டத்தில் தொழிற்சாலை நிலத்துக்கு '22a' என்று ஒரு குறியீடு இருந்தது. 2000-இல், இன்டர்நெட் மயக்கம் உச்சத்தில் இருந்த நேரம், 'a'-வைச் சுற்றி ஒரு சுழி போட்டார்கள். சுமார் 200 ஹெக்டேர், 115 தெருச் சதுரங்கள், ஒரே சுழியில் புதுயுகம். வேடிக்கை என்னவென்றால் ஸ்பெயின்காரர்கள் அந்தக் குறியை 'அரோபா' என்பார்கள், அரோபா என்பது அவர்களுடைய பழைய எடை, சுமார் பதினொன்றரை கிலோ. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அது ஏறக்குறைய நம் பழைய எடையான மணங்கு! எட்டு வீசை ஒரு மணங்கு என்று என் தாத்தா வாய்ப்பாடு ஒப்பித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஆக உலகமே வியக்கும் திட்டத்தின் பெயர் 'இருபத்திரண்டு மணங்கு', இரண்டரைக் குவிண்டால். மெட்ராஸ் கணக்கில் 20 மணங்கு ஒரு கண்டி, அப்படியானால் ஒரு கண்டிக்கு மேல் இரண்டு மணங்கு.

நம் ஊரில் மெயில் ஐடி சொல்லும்போது 'அட் தி ரேட்' என்கிறோமே, அதுவும் 'இன்ன விலைக்கு' என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை பாஷைதான். மில் லெட்ஜரில் கிடந்த குறியை எடுத்து மில்லை இடிக்கிற திட்டத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இடித்தார்களா என்றால், எல்லாவற்றையும் இல்லை. புகைபோக்கிகள் சில நிற்கின்றன, ஒரு ஆலை பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. ஆனால் கான் ரிகார்ட் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆலைக்குள் சிறுபட்டறைக்காரர்களும் கலைஞர்களும் வாடகைக்கு இருந்தார்கள், 2005, 2006 வாக்கில் பட்டறைகளைக் காலி செய்ய வைத்தார்கள். ஊர் திரண்டு போராடியது. 2008-இல் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தார்கள். கட்டடம் தப்பியது, பட்டறைகள் போனது போனதுதான்.

ஒன்றை மட்டும் காப்பியடிக்கலாம். கூடுதல் மாடி கட்டிக்கொள்ள உரிமை வேண்டுமா, நிலத்தில் 30 சதவீதத்தைப் பூங்காவுக்கும் பொதுச்சேவைகளுக்கும் மானிய வீடுகளுக்கும் விடு என்று அங்கே விதி. நம் ஊரில் 2020 ஊரடங்கில் மூடிய என்.டி.சி. (மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகம்) மில் வளாகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கண்ணாடிக் கட்டடப் படம் காட்டுகிறார்கள், இந்த 30-ஐப் பற்றி மூச்சு விடுவதில்லை.

போன மாதம் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். பம்புக்கு புஷ் என்ற உலோக வளையம் கடைந்து தருகிற ஜாப் ஒர்க், மூன்று மிஷின், தகரக்கூரை, தரையெல்லாம் சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல். பட்டறைக்காரர் பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து '200 புஷ் @' என்று எழுதிக்கொண்டிருந்தார், சுழி அவ்வளவு அழகு. நீங்கள் தொழில்முனைவோரா என்று கேட்டேன்.

"இல்லைங்க, லேத்துப் பட்டறைங்க" என்றார்.