பழைய பிரதியை எப்போது அழிக்கலாம்?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்குப் பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள். விண்டோஸ் சர்வரில் டேலி இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் ஜாப் ஒர்க், பில்லிங் எல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஜிப் செய்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடும். 30 நாளுக்கு மேல் பழையதை அதுவே அழித்துவிடும். இப்போது நல்ல பேக்கப் மென்பொருளுக்கு மாற நினைக்கிறோம். எதை எடுக்கலாம்? 30 நாள் பிரதி போதுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். 30 நாள் போதாது.

சில வருடங்களுக்கு முன் ஈரோடு பக்கம் ஒரு நூல் வியாபாரக் கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பேக்கப், 14 நாள் பிரதிகள். காலை ஏழு மணிக்கு ‘பேக்கப் முடிந்தது’ என்று மெயில் வந்துவிடும், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஏப்ரலில் யாரோ இரண்டு பார்ட்டி லெட்ஜரை ஒன்றாகச் சேர்க்கப் போய், முந்தைய வருடத்து பில்கள் கொஞ்சம் அழிந்துவிட்டன. அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பரில் ஆடிட்டர் வந்து உட்கார்ந்தபோதுதான் பாக்கி ஒத்துவரவில்லை. எங்களிடம் 14 பிரதிகள் இருந்தன. பதினான்கிலும் அதே ஓட்டை! கணக்குப்பிள்ளை பரணிலிருந்து பில் புத்தகங்களை இறக்கினார். கார்பன் காகிதத்தில் பதிந்த நீல எழுத்து பாதி மங்கிப் போயிருந்தது. ஆறா, எட்டா என்று தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். பதினோரு நாள் ஆனது. அன்றிலிருந்து யார் பேக்கப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தொழிலில் ஒரு தப்பு நடந்தால், அது கண்ணில் பட எத்தனை நாள் ஆகும்? உங்களிடம் இருக்கும் மிகப் பழைய பிரதி அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும்.

கணக்கு சம்பந்தப்பட்ட டேட்டாவில் ஏப்ரலில் நடந்த தப்பு அடுத்த வருடம் செப்டம்பர் ஆடிட்டில் தெரியவரலாம். அதாவது 18 மாதம். அதற்காக 540 பிரதிகள் வைக்க வேண்டாம். இதற்குத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஒரு பழைய முறை இருக்கிறது. கடைசி 7 நாளுக்கு நாளுக்கொன்று, 5 வாரத்துக்கு வாரத்துக்கொன்று, 18 மாதத்துக்கு மாதத்துக்கொன்று. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 30. இப்போது நீங்கள் வைத்திருக்கும் அதே 30 பிரதிதான். ஆனால் ஒரு மாதத்துக்குப் பதில் ஒன்றரை வருடம் பின்னால் போய் எடுக்க முடியும்.

உங்கள் ஸ்கிரிப்டில் இன்னொரு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது தேதியைப் பார்த்து அழிக்கிறது. ஏதோ ஒரு கோளாறால் பேக்கப் மட்டும் நின்றுவிட்டது என்று வையுங்கள். புதியது வராது, ஆனால் அழிக்கும் வரி தினமும் தன் வேலையைச் செய்யும். ஒரு மாதம் யாரும் கவனிக்காவிட்டால் டிஸ்க் காலி. நல்ல மென்பொருள் பிரதிகளை எண்ணித்தான் அழிக்கும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் ‘கீப் டெய்லி 7’ என்று கொடுத்தால், பேக்கப் நடந்த கடைசி ஏழு நாட்களை வைத்திருக்கும். இரண்டு மாதம் பேக்கப் ஓடாவிட்டாலும் அந்த ஏழும் அப்படியே இருக்கும்.

கையால் எழுதிய அழிப்பு ஸ்கிரிப்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சூப்பர்கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டில், 10 நாளுக்கு மேல் பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் ஒரு வரி இருந்தது. 2021 டிசம்பரில், ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை வைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் பாதியில் புதிய ஃபைலைப் படிக்க ஆரம்பித்தது. எந்த ஃபோல்டர் என்று சொல்லும் மாறி (வேரியபிள்) வெறுமையாகிவிட்டது. லாக் ஃபோல்டருக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்கள் அழிந்தன. சுமார் 77 டெராபைட், 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு. அதில் நான்கு குழுக்களுடையதை மீட்கவே முடியவில்லை.

சரி, எதை எடுப்பது? உங்கள் இரண்டு சர்வருக்கும் ரெஸ்டிக் போதும் என்பது என் முடிவு. விலை இல்லை, லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும், எல்லாவற்றையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான் வைக்கும். ஒரே டேட்டாவைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் மாறிய துண்டுகளை மட்டும் சேர்ப்பதால் 30 பிரதிக்கு 30 மடங்கு இடம் தேவைப்படாது. ஆனால் ஒன்று, இப்போது செய்வதுபோல் ஜிப் செய்து கொடுக்காதீர்கள். ஜிப்பில் ஒரு இடத்தில் மாறினால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே மாறிவிடும், பழைய துண்டு எதுவும் ஒத்துப்போகாது. போஸ்ட்கிரஸ் டம்ப்பை, அதாவது டேட்டாபேஸிலிருந்து ஃபைலாக எடுக்கும் பிரதியை, சுருக்காமல் அப்படியே கொடுங்கள். 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக்கே சுருக்கிக்கொள்ளும்.

லினக்ஸுக்கு மட்டும் என்றால் போர்க்பேக்கப்பும் அருமையானது. இரண்டும் எண்ணும் விதத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ரெஸ்டிக்கில் ஒரே பிரதி நாள் கணக்கிலும் வரும், வாரக் கணக்கிலும் வரும். போர்க்கில் நாள் கணக்கில் எடுத்ததை வாரக் கணக்கில் மறுபடி சேர்க்காது. அதனால் அதே 7, 5, 18 கொடுத்தால் ரெஸ்டிக்கில் 30க்குக் குறைவாகத்தான் நிற்கும். விண்டோஸ் சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டால் அப்படியே இன்னொரு மெஷினில் எழுப்ப வேண்டும் என்றால் அதற்கு மட்டும் வீம் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதன் கம்யூனிட்டி பதிப்பு 10 சர்வர் வரை இலவசம்.

இனி, பலரும் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். ‘கீப் இயர்லி’ என்று ஒரு வசதி இருக்கிறதே என்று அதை நம்பிவிடாதீர்கள். அது காலண்டர் வருடத்தின் கடைசிப் பிரதியை, அதாவது டிசம்பர் 31ஐத்தான் பிடித்துவைக்கும். நமக்கு வேண்டியது மார்ச் 31. அப்புறம் ஆடிட் முடிந்து கையெழுத்தான நாள். அந்த இரண்டு நாளும் கையால் ஒரு பேக்கப் எடுத்து ‘ஆண்டுக்கணக்கு’ என்று டேக் போடுங்கள். ‘கீப் டேக்’ கொடுத்துவிட்டால் அந்த டேக் உள்ளதைத் தொடாது. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கணக்குப் புத்தக பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். கிளவுட் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ கட்டளை பிரதியைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும், ‘ப்ரூன்’ ஓடினால்தான் டேட்டா போகும். முதல் தடவை ‘டிரை ரன்’ (எதையும் அழிக்காத ஒத்திகை) போட்டு, எதை வைக்கும், எதை நீக்கும் என்று வரிவரியாகப் படியுங்கள். நான் இப்போதும் புது இடத்தில் அதைப் பிரிண்ட் எடுத்து, அங்குள்ள கணக்காளரோடு உட்கார்ந்து பேனாவால் டிக் போட்டுத்தான் தொடங்குகிறேன்.

வெளி ஹார்ட் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கட்டிங் யூனிட்டிலோ வீட்டிலோ ஒரு சின்ன மெஷின் வைத்து, ரெஸ்டிக்கின் பிரதிகளை வாங்கி வைக்கும் ரெஸ்ட் சர்வர் என்ற மென்பொருளை ‘சேர்க்க மட்டும்’ முறையில் ஓடவிடுங்கள். அலுவலக சர்வர் பேக்கப்பை அனுப்பலாம், அழிக்க முடியாது. ஃபர்கெட்டும் ப்ரூனும் அந்த மெஷினில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

மாதம் ஒரு நாள் ரீஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். உங்களுடையது போலவே போஸ்ட்கிரஸ்தான். டம்ப்பைத் தேடினால் இல்லை. டம்ப் எடுக்கும் மென்பொருள் 9.2, டேட்டாபேஸ் 9.6, பதிப்பு ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் தப்பித்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மாதப் பழைய பிரதி ஒன்றை வேறு மெஷினில் இறக்கி, அந்தப் பிரதி எடுத்த நாளின் கடைசி பில் நம்பரை பில் கட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஃபைல்கள் எல்லாம் கூகுள் டிரைவில் தானாக சிங்க் ஆகின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுதான் சிங்க். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும்.

கேள்வி: எங்கள் பள்ளி சர்வருக்கு ரெஸ்டிக் அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பேக்கப் தினமும் ஓடுகிறது, ஆனால் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மென்பொருள் செய்தவர்களிடம் கேட்டால் கிடைக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கிடைக்காது, அவர்களாலும் திறக்க முடியாது. ஆனால் தினமும் ஓடுகிறது என்றால் பாஸ்வேர்டு அந்த சர்வருக்குள்ளேயே எங்கோ இருக்கிறது. ரூட் யூசரின் (சர்வரின் முழு அதிகாரம் உள்ள கணக்கின்) கிரான் பட்டியலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்து, பேக்கப் ஓட்டும் ஸ்கிரிப்ட் எது என்று பாருங்கள். அதில் ‘ரெஸ்டிக் பாஸ்வேர்டு’ அல்லது ‘பாஸ்வேர்டு ஃபைல்’ என்ற வரி இருக்கும். இதை இன்றைக்கே செய்யுங்கள். அந்த சர்வரின் டிஸ்க் போய்விட்டால் பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். கிடைத்ததும் ‘கீ ஆட்’ கட்டளையில் உங்களுக்கென்று இன்னொரு பாஸ்வேர்டு சேர்க்கலாம். அதைத் தாளில் எழுதி இரண்டு உறையில் ஒட்டி, ஒன்றைத் தலைமையாசிரியர் அறை பீரோவிலும் இன்னொன்றைப் பள்ளிக்கு வெளியே நிர்வாகியிடமும் கொடுத்து வையுங்கள்.