வீட்டில் இனிக்கும் கிட்டார் மேடையில் இரைந்தால்

கெம்பர் (கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் பதிந்து தரும் கருவி) வைத்திருக்கும் நீங்கள் அதன் புரொஃபைலை, அதாவது பதிந்துவைத்த ஆம்ப் ஒலியை, தொடாதீர்கள். பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்புட்டின் ஈக்யூவில் (ஒலிச் சமன் அமைப்பில்) மட்டும் பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) குறையுங்கள்.

வீட்டு ஹெட்போனில் இனித்த கிட்டார், தங்கச்சிமடம் திருவிழா மேடையில் இரைந்து காதைக் குத்தியது என்கிறீர்கள். கருவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே உணரும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வீட்டார் தூங்கும் நேரத்தில் நீங்கள் ஏற்றிவைத்த பேஸும் ட்ரெபிளும்தான் பெரிய ஸ்பீக்கரில் பூதாகாரமாக வெளிவருகின்றன.

பகலில் ஒருமுறை, பேச்சுக் குரல் அமுங்கும் அளவுக்கு ஸ்பீக்கரில் சத்தம் வைத்து அதே புரொஃபைலை வாசித்துப் பாருங்கள். அங்கேயும் குத்தினால் காரணம் இதுதான். முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைக்கும். மிட்டை (நடு ஒலியை) குறைக்கவே வேண்டாம், குழுவுக்கு நடுவே உங்களைக் கேட்கவைப்பது அதுதான்.

மேடையில் தனியாக கிட்டார் கேபினட்டும் வைத்திருந்தால், கேபினட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதியை) அந்தக் கேபினட்டுக்குப் போகும் மானிட்டர் அவுட்புட்டுக்கு மட்டும் நிறுத்துங்கள். மெயினில் நிறுத்தினால் குத்தல் இன்னும் மோசமாகும். கடற்காற்று வீசும் திறந்தவெளியில், தொலைவில் ட்ரெபிள் ஏறி இறங்கிக் கேட்கும்; ஸ்பீக்கருக்குச் சற்று முன்னால் நின்று கேட்டே அளவை முடிவு செய்யுங்கள்.